கைமாறிய பாடங்கள்

தாராவி, சயான் பக்கத்து முனிசிபல் பள்ளிக் கட்டிடம் ஒன்றுக்குள் நுழைந்தால், அங்கே மூன்று நான்கு பள்ளிக்கூடங்கள் இருக்கும். கீழ்த்தளத்தில் மராத்தி, முதல் மாடியில் உருது, அதற்கு மேலே இந்தி, உச்சி மாடியில் தமிழ். ஒவ்வொன்றுக்கும் தனித் தலைமையாசிரியர், தனி வருகைப் பதிவேடு. காலை ஷிப்ட், மதிய ஷிப்ட் என்று நேரமும் வேறு வேறு. மும்பை மாநகராட்சி மராத்தி, இந்தி, உருது, குஜராத்தி, ஆங்கிலம், தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. எண்பதுகளின் நடுவில் டி.எட். முடித்த கையோடு இப்படி ஒரு கட்டிடத்தின் உச்சி மாடிக்கு நான் ஆசிரியையாக வந்தேன். பணி ஓய்வு வரைக்கும் சயானிலேயே குடியிருந்து, தாராவிப் பிள்ளைகளுக்குத் தமிழ்வழியில் அறிவியலும் கணக்கும் சொல்லிக்கொடுத்தேன்.

இந்த ஊரின் கல்வி வரலாற்றை எழுதியவர்கள் கட்டிடங்களையும் கமிஷன்களையும் எழுதியிருக்கிறார்கள். மாட்டுங்காவில் 1932-இல் எம்.வி. வெங்கடேஸ்வரன் சிறிய பள்ளியாகத் தொடங்கிய தென்னிந்தியக் கல்விச் சங்கம் எப்படி வளர்ந்தது, 1960-இல் அது சயானில் கல்லூரி திறந்தது என்பதெல்லாம் பதிவில் இருக்கிறது. ஒரு வகுப்பில் நன்றாக நடந்த பாடம் அடுத்த மாடி வகுப்புக்கும், அங்கிருந்து அடுத்த பள்ளிக்கும் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதை யாரும் எழுதவில்லை. யார் எந்தப் புத்தகத்தை யாரிடம் கொடுத்து, "இதைப் படிங்க டீச்சர், நாலாவது பாடத்துக்குக் கைகொடுக்கும்" என்று சொன்னார்கள்? எங்கள் பிள்ளைகள் படித்ததில் பெரும்பங்கு இந்தக் கைமாற்றில் வந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

தமிழ்வழி ஆசிரியருக்கு இங்கே ஒரு தனி நிலைமை. பாடத்திட்டம் மகாராஷ்டிரத்துடையது, பிள்ளைகளின் மொழி தமிழ். மராத்தி ஆசிரியர் கடைக்குப் போனால் டைஜஸ்ட் கிடைக்கும், பயிற்சி ஏடு கிடைக்கும், சுவரில் மாட்டப் படம் கிடைக்கும். தமிழில் அப்படி எதுவும் எங்கள் தெருக்களில் விற்கவில்லை. ஊரிலிருந்து வரும் தமிழ்நாட்டுப் புத்தகங்களில் மொழி இருக்கும். பாடம் வேறாக இருக்கும். ஆகவே புனேவிலிருந்து வருவதை மராத்தியிலிருந்து தமிழாக்கவும், சென்னையிலிருந்து வருவதை மகாராஷ்டிரப் பாடத்துக்குத் தோதாக வெட்டி ஒட்டவும் நாங்கள் கற்றுக்கொண்டோம். ஒருவரே இதைச் செய்து முடிக்க முடியாது. பகிர்ந்துகொள்ளாமல் எங்களுக்கு வழியே இல்லை.

நாலாம் வகுப்பு வரலாற்றை எடுத்துக்கொள்ளுங்கள். மகாராஷ்டிரத்தில் அந்த ஆண்டு முழுவதும் சிவாஜி மகாராஜாதான். ராய்கட், பிரதாப்கட், தோர்ணா என்று கோட்டைகளின் பெயர்கள் வரும். மராத்திப் பிள்ளைக்கு அவை தாத்தா ஊருக்குப் போகும் வழியில் இருக்கின்றன. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துப் பிள்ளைக்கு அவை வெறும் பெயர்கள். எங்களுக்கு மூத்த ஆசிரியர் ஒருவர் பாடத்தைச் செஞ்சியிலிருந்து தொடங்கினார். 1677-இல் சிவாஜி தெற்கே வந்து செஞ்சிக் கோட்டையைக் கைப்பற்றினார். தஞ்சாவூரில் அவருடைய தம்பி வெங்கோஜி ஆண்டுகொண்டிருந்தார். சிவாஜியின் மகன் ராஜாராம் முகலாயர்களுக்குத் தப்பி வந்து தங்கியதும் அதே செஞ்சிதான். பிள்ளைகள் ஊருக்குப் போகும் ரயில் பாதையை வைத்தே வரைபடம் போட்டு, அங்கிருந்து வடக்கே ராய்கட் வரை அவர்களைக் கூட்டிப் போவார். அந்தப் பாடக்குறிப்பு கார்பன் நகலாகவே கோலிவாடா, ஆன்டாப் ஹில், செம்பூர் வரைக்கும் போனது. நான் வாங்கியது எத்தனையாவது நகலோ, எழுத்து மங்கித் தெரியும்.

சயான் கோட்டையும் அப்படித்தான் பாடமானது. மூன்றாம் வகுப்புக்கு மாவட்டப் புவியியல் உண்டு. ஜெரார்ட் ஆஞ்சியர் கவர்னராக இருந்த காலத்தில், 1669-க்கும் 1677-க்கும் நடுவில் ஆங்கிலேயர் கட்டிய கோட்டை இது. பம்பாய்த் தீவுக்கும் சால்செட் தீவுக்கும் எல்லையாக இருந்த இடம். மேலே ஏறினால் கழிமுகமும் தாராவியும் தெரியும். ஏழு தீவு எப்படி ஒரு நகரமானது என்பதைப் பலகையில் வரைந்து காட்டுவதற்குப் பதில், பிள்ளைகளை அங்கே நிறுத்தி, எது முன்பு தண்ணீர், எது முன்பு தரை என்று கேட்கலாம். உருதுப் பிரிவு ஆசிரியை ஒருவர்தான் இதை முதலில் செய்தார். படிக்கட்டில் நின்று சொன்னார், அடுத்த வாரம் நாங்கள் போனோம்.

இந்தப் பழக்கம் எங்கள் காலத்தில் முளைத்ததில்லை. புனேவில் 1861-இலேயே பள்ளி ஆசிரியர்களுக்காக 'சாலாபத்ரக்' என்ற மராத்தி இதழ் வந்தது. கிருஷ்ணசாஸ்திரி சிப்ளூண்கர் அதற்கு ஆசிரியராக இருந்தார். பிறகு அவர் மகன் விஷ்ணுசாஸ்திரி நடத்தினார். கிராமத்துப் பள்ளியில் தனியாக உட்கார்ந்திருந்த ஒரு வாத்தியாருக்கு, வேறோர் ஊரில் இன்னொருவர் இதே பாடத்தோடு மல்லுக்கட்டுகிறார் என்று சொன்ன தாள் அது. எங்களுக்கு இன்னும் நெருக்கமானது தாராபாய் மோடக் கொண்டுவந்த 'சிக்ஷண் பத்ரிகா'. பாவ்நகரில் வக்கீல் தொழிலை விட்டுவிட்டுக் குழந்தைப் பள்ளி நடத்திய கிஜுபாய் பதேகாவோடு வேலை செய்தவர் தாராபாய். குஜராத்தியில் வந்துகொண்டிருந்த அந்தப் பத்திரிகைக்கு 1933-இல் மராத்திப் பதிப்பு தொடங்கினார். 1936-இல் தாதரில் சிசுவிகார் என்ற குழந்தைப் பள்ளியை ஏற்படுத்தி, மழலையர் ஆசிரியைகளுக்குப் பயிற்சியும் கொடுத்தார். மாட்டுங்காவிலிருந்து நடந்தே போகலாம். அங்கிருந்து அவர் போர்டிக்கும், பிறகு கோஸ்பாட் குன்றுக்கும் போய், ஆதிவாசிப் பிள்ளைகளின் முற்றத்திலேயே பால்வாடியை நடத்தினார். இன்று தமிழ்நாட்டுக் கிராமம் ஒவ்வொன்றிலும் இருக்கும் பால்வாடிக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

கீழ்த்தளத்து மராத்திப் பிரிவில் ஒரு பாயி இருந்தார். மராத்திப் பள்ளிகளில் ஆசிரியையை எல்லோரும் பாயி என்றுதான் கூப்பிடுவார்கள். தன் தாயார் வாங்கி வைத்திருந்த பழைய 'சிக்ஷண் பத்ரிகா' இதழ்களை அவர் மதிய இடைவேளையில் கொண்டுவருவார். எனக்கு அப்போது மராத்தி தட்டுத்தடுமாறித்தான் வரும். அவர் வாசிக்க வாசிக்க நான் தமிழில் குறித்துக்கொள்வேன். மணலில் விரலால் எழுதவைப்பது, புளியங்கொட்டையில் கூட்டல் கழித்தல், கதையைப் பாதியில் நிறுத்தி மீதியைப் பிள்ளையைச் சொல்லவைப்பது. மணலைப் பற்றி வாசித்தபோது பாயிக்கு அது புதுச் செய்தி. எனக்கு அது எங்கள் தாத்தாவின் திண்ணைப் பள்ளிக்கூடம்.

அந்த மணலுக்குப் பின்னால் ஒரு நீண்ட கதை இருக்கிறது. 1789-இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான ஆண்கள் விடுதிக்குக் கண்காணிப்பாளராக ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் வந்தார். ஒருநாள் அவர் உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். எங்கள் திண்ணைகளில் மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது வழக்கம். இந்த இரண்டையும் தன் விடுதியில் நடத்திப் பார்த்து, ஊருக்குத் திரும்பியதும் 1797-இல் லண்டனில் ஓர் அறிக்கையாக அச்சிட்டார். சின்னப் புத்தகம்தான். அடுத்த ஆண்டே ஜோசப் லங்காஸ்டர் லண்டனில் அதையொத்த முறையில் பள்ளி திறந்தார். இருவரில் யார் முந்தியவர் என்று அங்கே பெரிய சண்டையே நடந்தது. ஏழைப் பிள்ளைகளுக்குக் குறைந்த செலவில் படிப்பு என்று 'மதராஸ் முறை' உலகமெங்கும் பரவியது. ஆர்ச்டீக்கன் பார்ன்ஸ் 1815-இல் நிறுவிய பம்பாய்க் கல்விச் சங்கத்தின் பள்ளிகளும் அதைப் பின்பற்றின. நம் திண்ணையில் நடந்தது கடல் தாண்டிப் போய், பெயர் மாறி, பம்பாய்க்கு வந்து இறங்கியிருக்கிறது. நடுவில் அந்தத் திண்ணை வாத்தியாரின் பெயர் எங்கேயோ விழுந்துவிட்டது. எனக்கு அது இன்னும் ஆறவில்லை. ஒரு நல்ல முறையை எடுத்துச் சொல்கிறவர்கள், யாரிடம் பார்த்தோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று என் மாணவ ஆசிரியர்களிடம் நான் வற்புறுத்தியதற்கு இதுதான் காரணம்.

அறிவியல் விஷயத்தில் எங்களுக்கு ஓர் அதிர்ஷ்டம் இருந்தது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்து இயற்பியலாளர்கள் சிலர் எழுபதுகளில் பள்ளிக்கூடங்களைத் தேடி வந்தார்கள். மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-இல் பதினாறு நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் திட்டத்துக்கு அவர்களில் பலர் கைகொடுத்தார்கள். அவர்களில் ஒருவரான வி.ஜி. குல்கர்ணி 1974-இல் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தைத் தொடங்கினார். அதன் முதல் இருப்பிடம் கிராண்ட் ரோடு ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் நானா சௌக் முனிசிபல் பள்ளியின் சில அறைகள். ஆராய்ச்சி மையம் ஒன்று முனிசிபல் பள்ளிக்குள் குடியிருந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குப் பெருமையாக இருக்கிறது. முதல் தலைமுறையாகப் படிக்கவந்த பிள்ளைகள் அறிவியலில் ஏன் பின்தங்குகிறார்கள் என்று அவர்கள் ஆராய்ந்தார்கள். பிள்ளையின் அறிவில் குறையில்லை, பாடநூலின் மொழிதான் குறுக்கே நிற்கிறது, மொழியை எளிதாக்கினால் தேர்ச்சி ஏறுகிறது என்று கண்டார்கள். வீட்டில் நெல்லைத் தமிழும் தெருவில் இந்தியும் பேசும் பிள்ளைகளோடு நாள் முழுக்க இருந்த எங்களுக்கு அது எப்படிப்பட்ட பலம் என்று சொல்லி முடியாது. நீளமான வாக்கியங்களைத் துண்டாக்கி, பிள்ளையின் பேச்சில் எழுதிப் பலகையில் போட எங்களுக்கு ஒரு சாட்சி கிடைத்துவிட்டது.

1992-இல் அந்த மையம் மான்குர்துக்கு வந்தது. சயானிலிருந்து டிராம்பே ரோட்டில் ஒரே பஸ், செம்பூரைத் தாண்டினால் வந்துவிடும். பயிற்சிக்குப் போனவர்கள் திரும்பிவந்து மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று எங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். சனிக்கிழமை காலை ஷிப்ட் முடிந்ததும் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்காருவோம். தாராவியிலிருந்தும் பிரதீக்ஷா நகரிலிருந்தும் டீச்சர்கள் வருவார்கள். ஆளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அது தன் வகுப்பில் எடுத்துப் பார்த்ததாக இருக்க வேண்டும். படித்தது, கேள்விப்பட்டது என்றால், அடுத்த சனிக்கிழமைக்குள் எடுத்துப் பார்த்துவிட்டு வந்து சொல்லணும். இந்த ஒரு விதியில் மட்டும் நாங்கள் கறாராக இருந்தோம்.

அப்படி வந்தவற்றில் நெடுங்காலம் நிலைத்தது தீக்குச்சி மாதிரிகள்தான். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து, புனே டெல்கோவில் வேலை பார்த்த அரவிந்த் குப்தா, 1978-இல் விடுப்பு எடுத்துக்கொண்டு ஹோஷங்காபாத் திட்டத்துக்குப் போனார். அங்கே வாரச் சந்தையில் சைக்கிள் வால்வ் டியூப் வாங்கி, துண்டு துண்டாக நறுக்கி, தீக்குச்சிகளை அதில் செருகி இணைத்தார். முக்கோணம் அசையாது, சதுரம் சாயும். ஏன் பாலத்துச் சட்டங்களில் முக்கோணம் இருக்கிறது என்பது பிள்ளையின் விரலுக்கே தெரிந்துவிடும். இதை விளக்கி ஏகலவ்யா அமைப்பு வெளியிட்ட சிறு புத்தகம் பல மொழிகளுக்குப் போனது. எங்களிடம் வந்தது இந்திப் பதிப்பு, கீழ்மாடி இந்திப் பிரிவு மாஸ்டர்ஜி கொடுத்தது. தொண்ணூறடி ரோட்டு சைக்கிள் கடையில் வால்வ் டியூப் மலிவு. ஐந்தாம் வகுப்பு முழுக்கச் செய்தோம். பிறகு பிள்ளைகள் கடைக்காரரிடம் தாங்களாகவே போய் வாங்க ஆரம்பித்தார்கள்.

தமிழில் எங்களுக்கு 'துளிர்' வந்தது. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987-இல் தொடங்கிய சிறுவர் அறிவியல் மாத இதழ். சந்தா கட்டியவர் ஒருவர், படித்தவர்கள் பலர். இதழ் கைமாறும்போது ஓரத்தில் பென்சில் குறிப்பும் சேர்ந்துகொண்டே போகும்: "ஏழாம் வகுப்பு, காற்றழுத்தம் பாடத்துக்கு", "மெழுகுவத்தி வேண்டாம், விளக்கு போதும்", "பிள்ளைகளுக்குப் பிடிச்சது". அச்சிட்ட கட்டுரையைவிட நான் அந்த ஓரத்தைத்தான் முதலில் படிப்பேன். நல்லதைத் தேர்ந்து ஸ்டென்சில் வெட்டி சைக்ளோஸ்டைல் எடுப்போம். ஸ்டென்சில் தாளில் ஊசிமுனையால் படம் வரைவதில் எங்களில் ஒருவர் தேர்ந்தவர். பிறகு சயான் ஸ்டேஷன் அருகே ஜெராக்ஸ் கடைகள் வந்தன. வேலை லேசானது. ஆனால் ஸ்டென்சில் காலத்தில், எதை எடுப்பது என்று உட்கார்ந்து யோசித்தோமே, அந்த யோசனை ஜெராக்ஸ் வந்ததும் குறைந்துபோனதை நான் பார்த்தேன். கட்டுக்கட்டாகத் தாள் வந்தது, எடுத்துப் பார்த்தவர் பெயர் இல்லாமல்.

கோடை விடுமுறைக்கு நாகர்கோவில் ரயில் ஏறுகிறவர்களுக்கு எங்கள் கூட்டம் ஒரு வேலை கொடுத்து அனுப்பும்: ஊர்ப் பள்ளியில் புதிதாக என்ன நடக்கிறது என்று பார்த்து வரவேண்டும். இரண்டாயிரத்தின் முதல் பத்தாண்டில் எல்லோரும் ஒன்றையே கொண்டுவந்தார்கள்: செயல்வழிக் கற்றல் அட்டைகள். ஆந்திரத்து ரிஷிவேலியில் பத்மநாப ராவும் ரமாவும் கிராமப் பள்ளிகளுக்காக உருவாக்கிய முறை அது. சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் 2003-இல் தன் ஆசிரியர்களை அங்கே அனுப்பிப் பார்க்கச் சொன்னார். போய்ப் பார்த்தவர்கள் பதின்மூன்று பள்ளிகளில் தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் அது மாநிலம் முழுவதும் வந்துவிட்டது. ஏணிப்படி மாதிரி அட்டைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். பிள்ளை தன் வேகத்தில் ஒரு படி முடித்து அடுத்ததை எடுக்கும். ஆசிரியரும் தரையில், பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார வேண்டும்.

எங்கள் வகுப்பில் மழைக்காலத்தில் ஊருக்குப் போய் இரண்டு மாதம் கழித்து வரும் பிள்ளைகள் உண்டு. தோல் பட்டறையிலும் தையல் கூடத்திலும் அப்பாவுக்கு வேலை நின்றால் குடும்பமே கிளம்பிவிடும். திரும்பி வந்த பிள்ளை விட்ட இடத்திலிருந்து தொடர அந்த ஏணி எத்தனை பொருத்தம்! பழைய காலண்டரின் பின்பக்கத்தில் அட்டைகளை வரைந்தோம். மகாராஷ்டிரக் கணக்குப் பாடத்துக்கு ஏற்றபடி படிகளை மாற்றினோம். சென்னையில் மேலிருந்து ஆணையாக வந்தபோது சில ஆசிரியர்கள் அதை வேண்டாத சுமையாகப் பார்த்தார்கள் என்று ஊரில் கேட்டேன். எங்களுக்கு யாரும் ஆணையிடவில்லை. தெரிந்தவர் ஒருவர் பையிலிருந்து எடுத்துக் காட்டினார், அவ்வளவுதான். ஒரே அட்டை வந்து சேர்ந்த வழியைப் பொறுத்து வேறாகிவிடுவதை அப்போது கண்ணால் கண்டேன்.

கருவிகள் வந்த வரலாறும் இதுவே. 1975 ஆகஸ்டிலிருந்து ஓராண்டு, செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களின் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சிப் பாடம் போனது. அதற்கான அறிவியல் நிகழ்ச்சிகள் பம்பாயிலேயே தயாராயின. யஷ் பால் அந்த முயற்சியின் முன்னணியில் நின்றார். 1984-இல் புனேவில் பால்சித்ரவாணி என்ற கல்வித் தொலைக்காட்சி நிறுவனம் வந்தது. 2011-இல் மாநகராட்சிப் பள்ளிகளில் மெய்நிகர் வகுப்பறைகள், 2015-இல் எட்டாம் வகுப்புக்கு டேப்லெட். ஒவ்வொன்றும் வந்த அன்று எங்களிடம் வந்த கேள்வி ஒன்றுதான்: இதை வைத்து நாளைக்கு முதல் பீரியடில் என்ன செய்வது? கையேடு பொத்தானைச் சொல்லும். பீரியடைப் பக்கத்து மாடி ஆசிரியர்தான் சொல்லுவார்.

சோலாப்பூர் மாவட்டம் பரிதேவாடியின் ரஞ்சித்சிங் திசலேயை இந்த வரிசையில் வைத்துத்தான் நான் பார்க்கிறேன். 2009-இல் அந்தச் சின்னப் பள்ளிக்கு வந்தவர். பிள்ளைகளின் வீட்டு மொழி கன்னடம். அதைக் கற்றுக்கொண்டு பாடத்தை அந்த மொழிக்குக் கொண்டுவந்தார், புத்தகப் பக்கங்களில் கியூ.ஆர். குறியீடு ஒட்டி ஒலியும் காட்சியும் சேர்த்தார். மகாராஷ்டிரப் பாடநூல்களுக்கே அந்த யோசனை பிறகு வந்தது. 2020-இல் உலக ஆசிரியர் பரிசு பத்து லட்சம் டாலர் கிடைத்தபோது, பாதியை இறுதிச் சுற்றில் இருந்த மற்ற ஒன்பது பேருக்குப் பகிர்ந்து கொடுத்தார். உலகம் அதிசயித்தது. எனக்கு அது இயல்பான காரியமாகவே தெரிந்தது. தனக்குக் கிடைத்ததைப் பக்கத்து வகுப்புக்கும் கொடுப்பது ஆசிரியருக்குக் கைப்பழக்கம்.

அதே 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. ஏப்ரல் முதல் நாள் தாராவியில் தொற்று கண்டுபிடிக்கப்பட்டது. மே, ஜூனில் பல பிள்ளைகள் குடும்பத்தோடு ஊருக்குப் போய்விட்டார்கள். நான் அப்போது ஓய்வு பெற்றிருந்தேன். ஆனாலும் பழைய கூட்டத்து இளைய டீச்சர்கள் போனில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்: "அக்கா, தமிழ்நாட்டுக் கல்வித் தொலைக்காட்சியில நல்ல பாடமெல்லாம் வருது. நம்ம புள்ளைங்களுக்கு அனுப்பலாமா?" 2019 ஆகஸ்டில்தான் தமிழக அரசு அதைத் தொடங்கியிருந்தது. பின்னம், ஒளிச்சேர்க்கை, மின்சுற்று எல்லாம் நமக்கும் பொருந்தும். வரலாறு, குடிமையியல் பொருந்தாது. கணக்கிலும் வரிசை மாறும்.

எந்தப் பாடம் பொருந்தும், எது பொருந்தாது என்று நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஓர் அட்டவணை போட்டோம். முதல் கட்டத்தில் மகாராஷ்டிரப் பாடத்தின் எண், இரண்டாவதில் தமிழ்நாட்டுக் காணொளியின் பெயர், மூன்றாவதில் எந்த நிமிடத்திலிருந்து எந்த நிமிடம் வரை காட்டலாம், நான்காவதில் காட்டுவதற்கு முன் பிள்ளையிடம் கேட்கவேண்டிய கேள்வி. ஐந்தாவது கட்டம் சனிக்கிழமை விதி: எடுத்துப் பார்த்தவர் பெயர், பள்ளி. அந்தக் கட்டம் காலியாக இருந்தால் அந்த வரி அட்டவணையில் ஏறாது. இப்போது செம்பூரில் வேலை பார்க்கும் ஓர் இளைய ஆசிரியை அதைத் தொடர்ந்து நடத்துகிறார். போன மாதம் ஆறாம் வகுப்பு அறிவியலில் புதிய வரிகள் சேர்த்து எனக்கு அனுப்பியிருந்தார். இரண்டு வரிகளில் ஐந்தாவது கட்டம் நிரப்பப்படவில்லை. அவற்றைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.